கண்ணுக்குத் தெரியாத தோழி எந்தத் தெரு?

இல்லாத ஆளோடு பேசி விளையாடுகிற பிள்ளையைப் பற்றி எழுத வேண்டுமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். சாதியை நாம் மேடையில் பேசுகிறோம். அது பிள்ளைக்குக் கைமாறுகிற இடம் அடுப்பங்கரையும் வாசப்படியும். அங்கே நடப்பதைப் பற்றி நாம் பேசியது குறைவு.

எங்கள் பக்கம் விழுப்புரம், கடலூர் மாவட்டச் சேரிகள். இங்கே ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து பேசிச் சிரித்தால் ஆயாக்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள்: 'காத்து கருப்பு அண்டியிருக்கு, உச்சி வெயில்ல புளியமரத்தாண்ட போயிருக்கும்.' பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடித்து, மந்திரித்த கயிறு கட்டுவார்கள். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவர்களின் பயம் அது. இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைக்கு எதிரே யாரோ இருக்கிறார்கள் என்று ஆயா ஒத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் அதையும் ஒத்துக்கொள்வதில்லை. 'பொய் சொல்லுது' என்கிறார். காலனிப் பிள்ளையைப் பொறுத்தவரை பொய்க்கு அடுத்து அவர் வாயில் தயாராக இருக்கிற வார்த்தை திருட்டு.

இது பேயுமில்லை, பொய்யுமில்லை என்று சொல்ல இன்று ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரெகான் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஜரி டெய்லர் பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 விழுக்காடு பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு காலத்தில் இப்படியொரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. எல்லாத் துணைகளும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சில சண்டை போடும், சில கூப்பிட்டால் வராது. துருவித் துருவிக் கேட்கும் ஆய்வாளரிடம், 'இது சும்மா வெளையாட்டு, தெரியுமில்ல?' என்று பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, தோழி நெசமில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரியாமல் தவிப்பது நாம்தான்.

ஆனால் இந்த ஆய்வு கேட்காத கேள்வி ஒன்று நமக்கு இருக்கிறது. அந்தத் தோழியின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஐந்து வயசுப் பெண்பிள்ளை ஒருத்தி. அவளுடைய தோழிக்குப் பெயர் சில்லு. சில்லுக்கு ஊர்த் தெருவில் தேரடிக்கு எதிரே மாடி வீடு. பிள்ளை எங்களிடம் சொன்னது: 'அவ எங்கூட்டுக்கு வந்து கருவாட்டுக் கொழம்பு ஊத்தி களி துன்னா. காரம்னு எங்க சொம்புலயே தண்ணி குடிச்சா. நாங்கூட அவுங்கூட்டுக்குப் போனேன். தெருக்கதவு வழியாத்தான் பூந்தேன். சாமி ரூம்பு வரிக்கும் போனேன்.'

இதைக் கேட்ட அம்மா பிள்ளையை அறைந்தாள். 'இன்னொருவாட்டி இந்தப் பேச்சு பேசுன, வாயக் கிழிச்சிடுவேன். எவன் காதுலயாவுது உழுந்தா இன்னா ஆவும்னு தெரியுமாடி ஒனக்கு?' அப்பா இயக்கத்துக்காரர், அடிக்கிற ஆளில்லை. அவர் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: 'ஏம்மா, நம்ம தெருவுல புள்ளைங்களே இல்லியா? அவளுங்க எதுக்கு நமக்கு? நம்ம புள்ளையா பாத்து ஒண்ண நெனச்சிக்க.' பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் எழுந்து போய்விட்டது.

இந்த இரண்டு பதில்களையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் அம்மா. அவளுடைய பயம் கற்பனையில்லை. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 200க்கும் மேற்பட்ட நம் வீடுகள் எரிந்தன. ஒரு பையனும் ஒரு பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதைச் சாக்காக வைத்து எரித்தார்கள். ஊர்ப்பெண், சேரிப்பையன் என்ற இரண்டு வார்த்தை அடுத்தடுத்து வந்தாலே தீப்பெட்டியைத் தேடுகிற சமூகத்தில், ஐந்து வயசுப் பிள்ளை சொன்ன கதைகூட நாலு வாய் மாறி என்னவாகத் திரும்பி வரும் என்று அந்த அம்மா கணக்குப் போடுகிறாள். அவளுக்கு அது அறைதான், ஆனாலும் காப்பு.

நான் கேட்பதெல்லாம், அந்த அறையிலிருந்து பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதுதான். அவள் சொன்ன கதையில் இரண்டு இல்லாத சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, சில்லு என்று ஒருத்தி இல்லை. இரண்டு, நாம் தெருக்கதவு வழியாக நுழையும்படி தேரடியில் ஒரு வீடு இல்லை. முதலாவது இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும், அவள் உண்டாக்கியதுதானே. இரண்டாவது இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அம்மா அடிப்பது இரண்டாவதுக்காக. 'பொய் பேசாதே' என்று திட்டுவது முதலாவதைச் சொல்லி. எதற்கு அடி விழுந்தது என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை. பின்னால் ஒருநாள் விளங்கும்போது, ஊர்க்கதவு மூடியிருப்பதற்கும் தான் வாங்கிய அடிக்கும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கதவு மூடியிருப்பது தன் தப்பு என்று அதன் மனசில் பதியும். சாதி நமக்குச் செய்வதிலேயே கொடூரமானது இதுதான். அதைச் செய்ய ஊர்க்காரன் வர வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

'சின்ன வயசுலயே சொல்லி வச்சாத்தான் பெரிசானா தாங்கும்' என்று ஒரு வாதம் உண்டு. பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே பதில். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் 1901இல் நடந்ததை அவர் எழுதியிருக்கிறார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும், அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாய்ப் படுக்கிறார்கள். அதற்கு முன்பே அவருக்குத் தீண்டாமை தெரியும். பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்தவர், பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர் என்று இருந்தவர். அவ்வளவு தெரிந்திருந்தும், அந்தப் பயணம் தந்த அதிர்ச்சியைப் போல முன்பு எதுவும் தந்ததில்லை என்கிறார். முன்கூட்டியே தெரிந்திருப்பது கவசமாகிவிடாது. ஆகவே கவசம் மாட்டுகிறோம் என்ற பெயரில் நாமே முதல் காயத்தைச் செய்வதற்கு நியாயம் கிடையாது.

அடுத்து அப்பா. அவர் பயப்படுவது வேறொன்றுக்கு. ஊர்க்காரியைக் கனவு காண்பது நம்மை நாமே கீழாக நினைப்பதில் கொண்டுபோய் விடும் என்பது அவர் கவலை. இதுவும் உண்மைதான். தன்னுடைய தோழி சிவப்பு, தான் கறுப்பு. அவள் வீடு சுத்தம், தன் வீடு நாத்தம் என்று ஒரு பிள்ளை விளையாடினால், அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஆனால் சில்லு கதையை இன்னொருவாட்டி கேளுங்கள். சில்லுதான் சேரிக்கு வருகிறாள். கருவாட்டுக் குழம்பு அவளுக்குக் காரம். தண்ணி கொடுக்கிறவள் நம்ம பிள்ளை. திரும்பப் போகும்போது கொல்லைப்பக்கம் போகவில்லை, தெருக்கதவு வழியாகப் போகிறாள். இதில் கெஞ்சல் எங்கே இருக்கிறது? உண்பதிலும் தண்ணியிலும் வாசலிலும்தான் தீண்டாமை நிற்கிறது என்று நாம் வகுப்பெடுக்கிறோம். யாரும் வகுப்பெடுக்காமலே அந்த மூன்றையும் பிள்ளை ஒரு மத்தியானத்தில் தாண்டிவிட்டாள். 'நம்ம தெரு ஆளா மாத்திக்க' என்பது அரசியலாகத் தெரிகிறது. சேரிப் பிள்ளையின் மனசு சேரிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றுதான் ஊரும் சொல்கிறது. நம் இயக்கமும் அதையே சொல்லலாமா?

யாருடைய கற்பனைக்கு இந்த நாடு காது கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இயான் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மறுபிறவி பற்றி 1966இல் வெளியிட்ட நூலில், உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்து ஜாட் வீட்டுப் பிள்ளை ஒன்றின் கதை வருகிறது. 1954இல், மூன்றரை வயசில், அம்மை நோயில் செத்ததாக நினைத்துப் பிழைத்த பிள்ளை. அதற்கப்புறம் 'நான் வேற ஊரு பிராமணன், இந்த வீட்டுச் சோறு திங்க மாட்டேன்' என்றது. யாரும் வாயைக் கிழிப்பேன் என்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த பிராமணப் பெண் ஒருவர் ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளைக்குத் தனியாகச் சமைத்துப் போட்டார். பெற்றவர்கள் தம் வீட்டுச் சோறு தீட்டு என்று பிள்ளை சொல்வதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையையும் சில்லுவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'உங்கள் சோறு தீட்டு' என்ற பிள்ளைக்குத் தனி அடுப்பு கிடைத்தது. 'எங்கள் சோற்றை அவள் தின்றாள்' என்ற பிள்ளைக்கு அறை கிடைத்தது. முந்தைய பிறவி என்று சொல்லிவிட்டால் பிள்ளைப் பேச்சும் சாஸ்திரமாகிறது. ஏனென்றால் கர்மவிதிக்கு அது சாட்சி. நம் பிள்ளையின் பேச்சு அந்த விதிக்கு எதிர்சாட்சி, ஆகவே பொய், ஆகவே பேய்.

தமிழ் படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. வானத்து நிலாவை, 'இந்தப் பிள்ளையோடு விளையாட வா' என்று புலவன் கூப்பிடுவான். வராவிட்டால் மிரட்டுவான். அதற்குப் பெயர் இலக்கியம், எனக்கு எம்.ஏ.யில் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். கடவுளுக்கும் அரசனுக்கும் ஆதீனத்துக்கும் பாடினார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவமும் இருக்கிறது. சிறுமிகள் மணலில் கட்டிய சின்ன வீட்டை, 'காலால் சிதைக்காதே' என்று அந்தத் தலைவனிடம் கெஞ்சுவார்கள். சிதைக்கிறவனுக்குத்தான் பாட்டு. வீடு கட்டிய சிறுமிகளுக்குப் பேர்கூட இல்லை. இதைப் படித்துவிட்டு வந்த நாமும் பிள்ளை கட்டியதைக் காலால் கலைப்பதா?

அப்படியானால் உண்மையை மறைத்துவிடுவதா என்று கேட்பீர்கள். மறைக்கக்கூடாது. மறைத்தால் ஊர்த் தெருவில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அவர்களுடைய வார்த்தையில் சொல்வார்கள். ஆனால் சொல்ல வேண்டிய நேரம் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிற நேரமில்லை. அது கேட்கிற நேரம். 'சில்லு மாதிரி நெசமாவே யாரும் ஏம்மா வரமாட்டேன்றாங்க?' என்று ஒருநாள் கேட்கும். அன்றைக்குச் சொல்லுங்கள்: 'அவுங்க பெரியவங்க வுட மாட்டாங்க. அது அவுங்க பண்ற தப்பு. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.' பாமாவின் 'கருக்கு' (1992) வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து அந்தச் சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அது ஏன் என்று வீட்டில் அண்ணன் சொல்கிறார். சிரித்ததற்கு அடிக்கவில்லை, காரணத்தைச் சொன்னார். அந்தப் பிள்ளையின் கோபம் போக வேண்டிய திசையில் போயிற்று.

ஊரில் அடிபடும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. 'இந்தக் கதைய நம்மூட்ல மட்டும் சொல்லு, வெளிய வேணாம், வெளிய இருக்கிறவங்க நல்லவங்க இல்ல' என்று சொன்னால் ஐந்து வயசுக்கு விளங்கும். கதையை வைத்துக்கொள்ள ஒரு வீடாவது அதற்குக் கிடைக்கும்.

படிப்பகம் நடத்துகிற தோழர்களுக்குச் சொல்வது: பிள்ளை தன் தோழியைப் பற்றிச் சொன்னால், 'நெசமா?' என்று கேட்காதீர்கள். 'எந்தத் தெரு?' என்று துருவாதீர்கள், அதுவாகச் சொல்லும். அம்மாவையும் குற்றவாளியாக்காதீர்கள். அறைந்த கை பயந்த கை. களையெடுத்துவிட்டு இருட்டி வீடு திரும்பி, பிள்ளை பேசுவதைக் கேட்க அவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? அந்த நேரத்தை அவளுக்குப் பெற்றுத்தருவது கூலிப் போராட்டத்தோடு சேர்ந்த கோரிக்கைதான். அது கிடைக்கிற வரைக்கும், சாயந்திரம் ஒரு மணிநேரம் கேட்க நாம் இருக்கலாம்.