தாங்கும் என்பது தகுமோ?

கொடுமை செய்யவேண்டும் என்று கருதியே கொடுமை செய்வோர் உலகில் சிலர். அவசரத்தாலும் அறியாமையாலும் கொடுமை செய்வோர் பலர். அப்பலருள் நாமும் அடங்குவோம். முன்னவரை உலகம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறது. பின்னவரோ தம்மைத் தாமே அறிந்துகொள்வதும் அரிதாயிருக்கிறது. இவ்வுண்மையை அண்மையில் எமக்கு உணர்த்தியது ஒரு கண்ணாடித் தொட்டி.

நண்பர் ஒருவர் தம் இல்லத்தில் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டியொன்றை அமைத்தார். உப்பைக் கரைத்து, மணலைப் பரப்பி, விளக்கை ஏற்றிய அன்றைக்கே கடைக்காரர் சொற்படி 4 துறவி நண்டுகளையும், 6 நத்தைகளையும், 2 இறால்களையும், ஒரு கடற்சாமந்தியையும் அதில் விட்டார். "மீன்களை மட்டும் ஒரு மாதம் கழித்து விடுங்கள், இவை தாங்கும்" என்பது கடைக்காரர் கூறிய உறுதி. மூன்றாம் நாள் ஒரு நத்தை கண்ணாடியினின்று நழுவி மல்லாந்து கிடந்தது. ஐந்தாம் நாள் நண்டொன்று தன் சங்கைத் துறந்து வெற்றுடலோடு மணலிற் கிடந்தது. நண்பர் மனங்கலங்கி எம்மிடம் வந்தார். "புதிய தொட்டி பக்குவமாக ஒரு மாதத்திற்கு மேலாகும் என்பதை இப்பொழுதுதான் படித்தறிந்தேன். உயிர்களோ உள்ளே இருக்கின்றன. நான் செய்தது குற்றமா? இனிச் செய்யவேண்டியது யாது?" என்று வினவினார்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை காணுமுன், அத்தொட்டியினுள் நிகழ்வது என்னவென்று அறிதல் வேண்டும்.

நீரில் வாழும் உயிர்கள் தம் கழிவை நீரிலேயே விடுகின்றன. அக்கழிவினின்றும், உண்ணாது எஞ்சிய இரையினின்றும், மடிந்த உடல்களினின்றும் அமோனியா பிறக்கிறது. பரந்த கடலில் அது கரைந்து சிதறிப் பிற உயிர்களுக்கு உணவாகிவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடமில்லை. அதனை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்களும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் வேறு நுண்ணுயிர்களும் மணலிலும் பாறையிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருகினாலன்றி அந்நீர் வாழ்வதற்கு ஏற்றதாகாது. மண்ணில் இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டளவில் தனித்துப் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. இவை மிக மெதுவாகப் பெருகும் இயல்பின. ஆதலின் புதிய தொட்டி பக்குவமடைய நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகின்றன. சில வேளை அதனினும் மிகுதியாகும்.

கடல்நீரில் இடர் இன்னும் பெரிது. அமோனியா நீரில் இருவடிவங்களில் நிற்கும். ஒன்று கொடிய நஞ்சு, மற்றொன்று அத்துணைக் கொடியதன்று. நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு ஒன்று உயர்ந்தால் நச்சுவடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. நன்னீர்த் தொட்டிகள் பலவற்றில் அவ்வளவு 7ஐ ஒட்டி நிற்க, கடல்நீரில் அது 8ஐக் கடந்து நிற்கிறது. எனவே, நன்னீரில் பொறுக்கத்தக்க அளவு அமோனியா கடல்நீரில் உயிர்கொல்லியாகலாம். அந்நீரோ பளிங்குபோல் தெளிந்தே தோன்றும். கண்ணுக்கு யாதொரு குறையும் புலப்படாது.

இனி முதல் வினாவிற்கு வருவோம். அறியாமற் செய்தது குற்றமாகுமா? துன்புறுத்தும் நோக்கம் நண்பருக்கு இல்லை. அழகை விரும்பினார், அவ்வளவே. எனினும், ஓர் உயிரை அதன் இடத்தினின்று பெயர்த்து நம் ஆளுகைக்குள் கொணரும்போது, அது வாழ்வதற்கு வேண்டுவன யாவை என்று வினவும் கடமையும் உடன் வந்துவிடுகிறது. தொட்டியின் விலையையும் விளக்கின் ஒளியையும் பன்முறை விசாரித்தவர், உயிர்களின் தேவையை ஒருமுறை விசாரித்திருக்கலாம். ஆகவே அவர் குற்றம் கொடுமையன்று, கேளாமை. கேளாமையும் குற்றமே. ஆயினும் அது திருத்தத்தக்க குற்றம்.

"இச்சிற்றுயிர்களுக்குத் துன்பம் என்று ஒன்று உண்டா?" என்று சிலர் வினவக்கூடும். நண்டு அலறுவதில்லை, நத்தை அழுவதில்லை. அதனால் அவற்றிற்கு நோவில்லை என்று கொள்வது நம் செவியின் குறையை அவற்றின் உடலின்மேல் ஏற்றுவதாகும். பெல்பாஸ்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் எல்வுட் என்பாரும் அவருடன் உழைத்தவரும் துறவி நண்டுகளைக்கொண்டு செய்த சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. சங்கினுள் சிறு மின்னதிர்ச்சி பட்டபோது, விருப்பமற்ற சங்கில் இருந்த நண்டுகள் அதனை எளிதில் துறந்தன. விருப்பமான சங்கில் இருந்தவை அத்துணை எளிதில் துறக்கவில்லை. வெறும் அனிச்சைச் செயலாயின் இவ்வேறுபாடு நேர வேண்டியதில்லை. நோவையும் இல்லத்தின் மதிப்பையும் அந்நண்டு ஒருவாறு எடைபோடுவதாகவே தோன்றுகிறது. பிரிட்டன் 2022இல் இயற்றிய விலங்கு நலச் சட்டமொன்று நண்டு, இறால் முதலிய பத்துக்கால் உயிர்களையும், கணவாய் இனத்தையும் உணர்வுடையனவாக ஏற்றுக்கொண்டது. நத்தையும் கடற்சாமந்தியும் அச்சட்டத்துள் இடம்பெறவில்லை. அவற்றின் உணர்வைப்பற்றி அறிஞரிடையே முடிந்த முடிபு இல்லை. ஆயின் ஐயம் உள்ளவிடத்து அந்த ஐயத்தின் பயனை எளிய உயிருக்கு அளிப்பதா, வலிய மனிதனுக்கு அளிப்பதா? நீதி இன்னதென்று சொல்லவும் வேண்டுமோ!

அடுத்து, "இவை தாங்கும்" என்ற சொல்லை ஆராய்வோம். இது கடைக்காரர் ஒருவரின் சொல்லன்று. தொட்டி வளர்ப்போரிடையே நெடுநாள் வழங்கிவந்த வழக்கம். வலிய உயிர் ஒன்றைப் புதுநீரில் விட்டு, அதன் கழிவினால் நுண்ணுயிர்களைப் பெருக்கி, நீர் பக்குவமான பின் மெல்லிய உயிர்களை விடுவர். முதல் உயிர் பிழைத்தால் நலம். மடிந்தால் போயிற்று என்பது அதன் உட்பொருள். இந்நியாயம் தொட்டிக்குள் மட்டுமா வழங்குகிறது? சுமப்பவன் தோளிலேயே மேலும் சுமை ஏற்றுவதற்கு உலகம் கூறும் காரணமும் இதுவேயன்றோ? "அவனுக்குப் பழக்கந்தான், அவன் தாங்குவான்" என்று எத்துணை இடங்களில் கேட்டிருக்கிறோம்! தாங்கும் ஆற்றல் ஓர் உயிரின் உடைமை. அதனைச் செலவிடும் உரிமை நமக்கு எவரும் தந்ததில்லை. தாங்கும் என்பதனாலேயே தகும் என்பது பெறப்படாது.

அன்றியும், தேவையும் இல்லாத துன்பம் இது. உயிரே இல்லாத தொட்டியில் அமோனியம் குளோரைடை அளந்திட்டு நுண்ணுயிர்களைப் பெருக்கலாம். பழுத்த தொட்டியினின்று பெற்ற உயிர்ப்பாறையை வைத்தும் தொடங்கலாம். இவற்றிற்கு வேண்டுவது பொருளன்று, காத்திருத்தல். சில வாரங்கள் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாத நம் கண்ணின் ஆவலுக்கே அந்த நத்தை விலை கொடுத்தது.

கடல் உயிரை வீட்டிற்குள் வளர்க்கும் வழக்கத்தின் தொடக்கத்திலேயே இவ்விருவகை மனப்பான்மையையும் காண்கிறோம். இங்கிலாந்தில் அன்னா தைன் என்னும் பெருமாட்டி 1846இல் டார்க்கீ கடற்கரையினின்று கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். நீருக்குக் காற்றூட்டப் பம்பு இல்லாத காலம் அது. அவர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி அந்நீரை ஒரு பாத்திரத்தினின்று மற்றொன்றிற்கு மாறி மாறி ஊற்றுவாள். அவ்வுழைப்பினால் அவ்வுயிர்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டு அவர் கடற்பாசிகளைத் தொட்டியில் வைத்து நீரைச் சீராக்கக் கற்றார். வரலாறு பெருமாட்டியின் பெயரை வைத்திருக்கிறது. நீரூற்றிய கையின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

பின்னர் 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல்நீர்த் தொட்டியை ஆங்கிலேயரிடையே பெருமோகமாக்கிற்று. திரள்திரளாக மக்கள் கடற்கரைக்குச் சென்று பாறைக் குட்டைகளைக் கொள்ளையிட்டனர். பல தலைமுறை தீண்டப்படாதிருந்த குட்டைகள் சில ஆண்டுகளில் பாழாயின. தாம் எதிர்பாராத அவ்வழிவிற்குத் தம் நூல்களே காரணமாயின என்றறிந்து தந்தை பெரிதும் வருந்தினார் என்று அவர் மைந்தர் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். கடலை உயிராக நேசித்தவர் அவர். எனினும் நேசம் ஒன்றே கேட்டைத் தடுக்கவில்லை. விளைவை எண்ணாத அன்பு, அன்பின்மையைப் போலவே அழிக்க வல்லது.

ஆகவே, வருந்துதல் மட்டும் போதாது. இரண்டாம் வினாவே தலையாயது: இனிச் செய்யவேண்டியது யாது? நண்பருக்கு முதலில் தோன்றிய வழி, உயிர்களைக் கடலில் விட்டுவிடுவது. விடுவித்தல் அறம் என்றே நாமும் எண்ணுவோம். ஆயின் அவை எந்தக் கடலைச் சேர்ந்தவை என்பது அவருக்குத் தெரியாது. வேற்றுக் கடலின் உயிரையும் அதன் நோயையும் நம் கடலில் விடுவது ஆயிரம் உயிர்க்கு இடராகலாம். இரண்டாவதாகத் தோன்றிய வழி, கடையில் திருப்பிக் கொடுப்பது. அங்கிருந்து அவை நாளையே மற்றொரு பக்குவமாகாத தொட்டிக்குச் செல்லுமாயின், துன்பம் நம் கண்ணைவிட்டு அகலுமேயன்றி உலகைவிட்டு அகலாது. மனம் ஆறுவதற்காகச் செய்வது வேறு. உயிர் பிழைப்பதற்காகச் செய்வது வேறு.

எஞ்சியது அருமையான வழியே. கடற்சாமந்தி பழுத்த தொட்டியிலேயே வாழத்தக்கது. அது மடிந்தழுகின் தொட்டி முழுதையும் கெடுக்கும். ஈராண்டு பழுத்த தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் அதனை ஒப்புவித்தார் நண்பர். அவரிடமிருந்தே உயிர்ப்பாறை சிலவற்றைப் பெற்றுத் தம் தொட்டியில் வைத்தார். இரையைக் குறைத்தார், மடிந்ததை உடனே அகற்றினார். நாள்தோறும் குழாயில் நீரெடுத்துச் சோதனைத்துளி இட்டு, மஞ்சள் பச்சையாகும் அளவைக் குறித்துவைத்தார். பச்சை மிகுந்த நாளில் நாலிலொரு பங்கு நீரை மாற்றினார். அதனையும் அவசரமாகச் செய்தலாகாது. புதுநீரின் உப்பும் வெப்பமும் பழைய நீரோடு ஒத்திராவிடின், நஞ்சினின்று காக்கப் புகுந்த கையே அதிர்ச்சியால் கொன்றுவிடும். புதிய உயிர் எதனையும் அவர் வாங்கவில்லை.

பேசா உயிரிடத்துக் கருணை எவ்வடிவு கொள்ளும் என்பதை அச்சோதனைக் குழாயிலே கண்டோம். அழுகையைக் கேட்டு இரங்குவது எளிது. அழமாட்டாத உயிரின் துன்பத்தை அளந்தே அறியவேண்டும். கண்ணீர் வடிப்பதினும் கணக்கு வைத்தல் அவ்வுயிர்க்கு நன்மை செய்தது.

43ஆம் நாள் முதல் குழாயில் நீர் மஞ்சளாகவே நின்றது, நைட்ரைட்டும் காணப்படவில்லை. இரண்டு நத்தைகளும் ஒரு நண்டும் அதற்குள் மடிந்திருந்தன. ஏனையவை பிழைத்தன. "இனி மீன் விடலாமே" என்றோம். நண்பர் சற்று நேரம் தொட்டியைப் பார்த்திருந்துவிட்டு, "இருக்கட்டும், முதலில் இவற்றிற்கு என்ன வேண்டும் என்று முழுதும் படித்துவிடுகிறேன்" என்றார்.

அன்பர்களே, நம் வீட்டில் கண்ணாடித் தொட்டி இல்லாதிருக்கலாம். ஆயினும் நம் அவசரத்திற்கு ஆட்பட்ட உயிர் ஒன்றேனும் நம் ஆளுகையில் இல்லாதிராது: குழந்தையோ, பணியாளோ, வாயற்ற ஜீவனோ. அது தாங்குகிறது என்று மனநிறைவு கொள்ளுமுன், எதனைத் தாங்குகிறது என்று ஒருமுறை சென்று பார்ப்போமாக.