கார் வாங்கும்போது மட்டும் வரும் பகுத்தறிவு

பத்து வருடம் ஓடிய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஒன்று பெங்களூரில் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பூரிலிருந்து ஒரு தோல் முதலாளி பார்க்கப் போகிறார். விற்பவர் சொல்வதை அப்படியே நம்புவாரா? மாட்டார். கூடவே ஒரு மெக்கானிக் இருப்பார். மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டும். மெக்கானிக் குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைப் பார்ப்பார். "இது லட்சம் தாண்டின கால் மிதிச்ச ரப்பர் சார், மீட்டரைக் குறைச்சிருக்காங்க" என்பார். ஸ்கேனரைச் செருகி, யாரோ அழித்துவிட்டுப் போன கோளாறுகளைத் தேடுவார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ரெயிலில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்துகூடப் பார்ப்பார். 2015 வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்கள் பாலிஷ் போட்டுக்கொண்டு எங்கெங்கோ போய் விலை போன கதை அவருக்குத் தெரியும். ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் அமுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் ஏர் சஸ்பென்ஷன் கசிகிறது. லட்சக்கணக்கில் செலவு. முதலாளி விலையைக் குறைத்துக் கேட்பார்.

யார் சொன்னாலும் நம்பாதே, கண்ணால் பார், கையால் தொடு, ஆதாரம் கேள். இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பாடம் உண்டா? அந்த அரை நாள் முழுக்க இந்த மனிதர் ஒரு விஞ்ஞானி.

ஊர் திரும்பியதும் அதே மனிதர் தன் தோல்ஷாப்புக்குள் நுழைகிறார். கழிவுநீர்த் தொட்டியில் கசடு அடைத்துக்கொண்டிருக்கிறது. கான்ட்ராக்டர் இரண்டு ஆட்களை அனுப்பியிருக்கிறார். மூடி திறந்திருக்கிறது. முதலாளி என்ன கேட்கிறார்? "எவ்வளவு நேரம் ஆகும்?" அவ்வளவுதான். ஸ்கேனர் எங்கே போயிற்று? டார்ச் எங்கே? முகர்ந்து பார்த்த மூக்கு எங்கே?

மூக்கை நம்பவும் முடியாது என்பதுதான் இதில் கொடுமை. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தக் கழிவு, அமிலம் கலந்த கழிவோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு, தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது. உள்ளே இறங்கியவர் வாடை போய்விட்டது என்று நினைப்பார். வாடை போகவில்லை, மூக்கு மரத்துவிட்டது. அடுத்தது மூச்சு. மேலே நிற்பவர் அவரைத் தூக்க இறங்குவார், அவரும் விழுவார். நாளிதழில் இந்தச் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறீர்கள்? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்கிற அளவுக்கு அது பழகிவிட்டதல்லவா?

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தோல்ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். தொட்டியைத் துப்புரவு செய்யக்கூட அவர்கள் இறங்கவில்லை. தூங்கினார்கள், அவ்வளவுதான். ஒரு காரின் அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்கும் கண்களில் ஒன்று அந்தச் சுவரைப் பார்த்திருக்க முடியாதா?

"அது கான்ட்ராக்டர் பொறுப்பு" என்ற பதில் எனக்குத் தெரியும். மேஸ்திரி பொறுப்பு, இன்ஜினியர் பொறுப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொறுப்பு. சரி, கார் பாஷையிலேயே பேசுவோம். ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மேலும் ஒருவருக்கு. ஆர்சியில் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் கார் ரிவர்ஸில் வந்தபோது மோதி ஒரு சிறுவன் செத்தான். நஷ்டஈடு யார் தருவது? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு. சாவியைக் கைமாற்றிவிட்டேன், பணம் வாங்கிவிட்டேன், எனக்கும் காருக்கும் சம்பந்தமில்லை என்ற வாதம் செல்லவில்லை. அதனால்தான் இன்று பழைய கார் விற்கிற யாரும் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு விடுவதில்லை. பெயர் மாறிவிட்டதா என்று ஆர்டிஓ ஆபீசுக்கு நடையாக நடக்கிறார்கள். காருக்கு வந்த இந்தப் பயம் தொட்டிக்கு ஏன் வரவில்லை? லைசென்ஸ் உங்கள் பெயரில், லாபம் உங்கள் பெயரில், சாவு மட்டும் கான்ட்ராக்டர் பெயரிலா?

தோல்ஷாப் கழிவு போய்ச் சேரும் பாலாற்றுக்கு ஆர்சி புக் கிடையாது. ஆனாலும் அதன் வழக்கு நம் நாட்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தின் தலைவாசலாக நிற்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறது அந்தத் தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வையும் எடுத்துச் சொல்கிறது. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இதைப் படிக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் ஒரு விஷயத்தில் உலகப் புகழ் பெற்றதென்றால் அது பிரியாணியால் மட்டும் அல்ல.

அந்தத் தீர்ப்பின் வழியில் அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல் கணக்குப் போட்டது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். தொகை ஏறத்தாழ 27 கோடி. வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்கு 9,000 ரூபாய்ச் சொச்சம். கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, மாட்டுக்கே தண்ணீர் விலைக்கு வாங்கியவர்களுக்கு அந்தத் தொகை. பென்ட்லிக்கு மாற்றும் டயர் ஒன்றுக்குக்கூட அது போதாது. அதையும் எல்லோருக்கும் கொடுத்து முடிக்கவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உட்கார்ந்து, விடுபட்டவர்களுக்கு அரசு கொடுக்க வேண்டும், கொடுத்ததை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருடம். தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது குழந்தை இருக்கும். மழை பெய்தால் மாராப்பட்டுப் பாலத்துக்கடியில் பாலாறு இன்றைக்கும் நுரைத்துக்கொண்டு வருகிறது.

காரை விட்டுவிட்டு மாட்டு வண்டியில் போ என்று சொல்லத்தான் இவ்வளவும் என்று நினைத்தால், தப்பு. துறவு எனக்குப் பிடிக்காத சரக்கு. ஆறு லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டன்னுக்கு மேல் எடை இருந்தும் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் அலுங்காமல் போகிறதென்றால் அது மனித மூளையின் சாதனை. ரசிக்கத்தான் வேண்டும். அதைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனமும்கூட. முதல் ஆள் இழந்த விலை உங்களுக்கு மிச்சம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாங்கும் விலைதான் பழைய விலை. பிரேக் பேடும் பம்பும் புதுக் காரின் விலையில்தான் வரும். அந்தச் செலவைத் தாங்க முடியாதவர் என்ன செய்கிறார்? வேறு யார் தலையிலாவது கட்டுகிறார். பட்டறைக்காரரிடம் "கணக்குல வச்சுக்கோ" என்கிறார். டிரைவர் சம்பளத்தை இழுத்தடிக்கிறார். பாண்டிச்சேரி நம்பர் வாங்கி வரியை மிச்சம் பிடிக்கிறார். வழுக்கை டயரோடு நெடுஞ்சாலையில் பறக்கிறார். ஷிஃப்ட் முடிந்து ஷூ கம்பெனிப் பெண்கள் சாலையைக் கடக்கும் நேரம் அது.

டீசல் காராக இருந்தால் இன்னொரு வேலையும் நடக்கிறது. சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புதிது போட்டால் பெரிய பில். எனவே அதை அறுத்து, உள்ளே இருப்பதைக் குடைந்தெடுத்துவிட்டு, காலிக் கூட்டை மறுபடி வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொய் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். புகைச் சான்றிதழும் கையில் இருக்கும். இப்போது தோல்ஷாப் வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சம்பளக்கார நண்பரைக் கேட்கிறேன்: உங்கள் செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் காரில் அந்த வடிகட்டி இருக்கிறதா? சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டாரை ராத்திரியில் நிறுத்துகிறவருக்கும் உங்களுக்கும் அளவில் வித்தியாசம் உண்டு. வகையில் உண்டா?

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிலிருந்து 'டெல்லி வண்டி' மலிவாக இங்கே இறங்குகிறது. அங்கே நுரையீரலுக்கு ஆகாதது குடியாத்தத்துக் குழந்தைக்கு ஆகுமா? பணக்கார நாடுகள் தோல் பதனிடும் அழுக்கு வேலையைத் தங்கள் ஆற்றங்கரைகளிலிருந்து நம் ஆற்றங்கரைக்குத் தள்ளியதும் இப்படித்தான். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். நாள் பிடிக்கும் வேலை. அவசரமும் மென்மையும் கேட்ட சந்தைக்காகக் குரோமியம் வந்தது. இன்று பிஎம்டபிள்யூ தன் ஐஎக்ஸ் காரின் இருக்கைத் தோலை ஆலிவ் இலைச் சாற்றில் பதனிட்டதாகப் பெருமையோடு விற்கிறது. பென்ட்லிக்காரர்கள் வட ஐரோப்பியக் காளைத் தோலைத்தான் போடுவார்களாம், பூச்சிக்கடித் தழும்பு இருக்காதாம். ஆம்பூர்த் தோல் உலகத்தின் காலுக்குப் போகிறது, ஆம்பூர் முதலாளி உட்காருவது வெளிநாட்டுக் காளை மேல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வியாபாரம். ஆனால் பூச்சி கடித்த தழும்புக்கே இவ்வளவு கவலைப்படும் உலகத்தில், குரோமியத் தண்ணீரில் வெடித்த ஒரு தொழிலாளியின் உள்ளங்கைக்கு யார் கவலைப்படுவது?

ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிடாதீர்கள். வந்த காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கினீர்கள், பூசணிக்காய் உடைத்தீர்கள். சிலர் கோயில் உண்டியலில் போடுகிறார்கள், சிலர் தர்காவுக்குப் போர்வை, சிலர் சபைக்குக் காணிக்கை. மேலே ஒருவர் கணக்கு எழுதுகிறார், கொஞ்சம் கொடுத்தால் கழித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை மூன்று தரப்புக்கும் பொது. ஆனால் ஏர் சஸ்பென்ஷன் கசிந்தால் யாரும் பூசணிக்காய் உடைப்பதில்லை, மெக்கானிக்கைத்தான் கூப்பிடுகிறீர்கள். அங்கே கடவுளுக்கு லீவு. தொழிலாளியின் பி.எஃப். பாக்கியில்தான் அவருக்கு டியூட்டி. மேலுலகக் கணக்கு ஒன்று இல்லவே இல்லை என்றால் நிலைமை லேசாகிறதா, கனமாகிறதா? கனமாகிறது. செத்தவனுக்கு அங்கே நியாயம் கிடைக்காது. கிடைத்தால் இங்கே, உங்கள் கையால்தான்.

நடிகர் எம்.ஆர். ராதா தன் இம்பாலா காரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்று ஒரு கதை தமிழ்நாடு முழுக்க உலவுகிறது. ஊரே வாய் பிளந்து பார்த்த காரை வெறும் வண்டியாக நடத்திய அந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் கொண்டாடிய பெரியார் 94 வயதிலும் மூத்திரப் பையோடு வேனில் ஊர் ஊராகப் போய் மானத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பயணம் நின்றது நம் வேலூரில், சிஎம்சி மருத்துவமனையில், 1973 டிசம்பர் 24. அவர்களுக்கு வண்டி என்பது ஏறிப் போகிற சாமான். நமக்கு அது நாம் யார் என்று ஊருக்குச் சொல்கிற பலகை. பலகையைத் துடைக்க ஆள் வைக்கிறோம், தொட்டியில் இறங்குபவருக்குக் கயிறு வாங்க யோசிக்கிறோம்.

"பக்கத்து ஷாப்காரன் செய்யவில்லை, நான் மட்டும் செய்தால் விலையில் அடிபட்டுப் போவேன்" என்பது கடைசி வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, வெளிநாட்டு பிராண்டுகள் பைசா பைசாவாக நசுக்குகின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் காரில் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்காக உங்கள் பிரேக்கைக் கழற்றி வைத்தீர்களா? வாயு இருக்கிறதா என்று காட்டும் கையடக்கக் கருவி, இடுப்பில் கட்டும் பெல்ட், காற்று ஊதும் பிளோயர், முகமூடி, இவை எல்லாம் சேர்ந்தாலும் அந்த பென்ட்லிக்கு ஒரு பெரிய சர்வீஸ் செய்கிற செலவுக்குள் அடங்கும். சில ஷாப்புகளில் இவை வாங்கியும் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆடிட்டர் வரும் நாளில் வரிசையாக மாட்டியிருக்கும். ஆடிட்டர் கிளம்பிப் போன மறுநாள் அவை எந்த பீரோவில் இருக்கின்றன, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?