மனப்பாடமும் சாட்சியமும்

அமெரிக்க மேல்நிலைப் பள்ளிகளில் இலத்தீன் பயில்வோர்க்குக் கல்லூரித் தரத்தில் ஓர் உயர்நிலைத் தேர்வு உண்டு. 1 முதல் 5 வரை தரமிடுவர். 3 பெற்றவர் தகுதியுடையவராவர். 2013 முதல் 2025 வரை வெர்ஜிலின் ஈனெயிட் காவியத்திலும் யூலியஸ் சீசரின் காலியப் போர் நூலிலும் தேர்ந்த பகுதிகள் அதற்குப் பாடமாயிருந்தன.

அப்போது மொழிபெயர்ப்பு வினாவுக்குரிய பகுதி முன்பே வகுப்பில் படித்ததாகவே இருந்தது. ஆகவே ஆங்கில உரையை நெட்டுருச் செய்து ஒப்பித்துவிடும் ஆசை எழுவது இயல்பே. திருத்துவோரோ மூலத்தை ஒட்டிய பெயர்ப்பையே கேட்டனர்; பகுதியைச் சிறு கூறுகளாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பிட்டனர். வேற்றுமை பிறழ்ந்தால் அக்கூறு போயிற்று. அடுத்த கூறு பிழைத்துக்கொள்ளும். ஒரு பிழைக்காக முழு விடையையும் தள்ளிவிடாத இம்முறையில் நீதியோடு இரக்கமும் கலந்திருக்கக் காண்கிறோம்.

நெட்டுருச் செய்தவன் திருடவில்லை, பார்த்தெழுதவுமில்லை, விடையும் சரி. பின் குறை எங்கே? 'இவ்வரியை நானே படித்தறிந்தேன்' என்று விடைத்தாள் அவனுக்காகச் சாட்சி சொல்கிறது. அவனோ பிறர் படித்தறிந்ததையே அறிவான். காணாததைக் கண்டேன் என்பவனின் சாட்சியம், செய்தி உண்மையாயினும், பொய்ச்சாட்சியம் அன்றோ?

புனித அகுஸ்தினாரும் சிறுவனாயிருக்கையில் இதே காவியத்தைக் கற்றார். யூனோ தேவதையின் சினவுரையை உரைநடையாக்கிப் பள்ளியில் பேசிப் பாராட்டுப் பெற்றார். பிற்காலத்தில் அதை வீண் என்று எண்ணினார். தீதோ அரசியின் சாவுக்கு அழுததையும் எண்ணி வருந்தினார். இங்கே அப்புனிதருடன் சற்று மாறுபடத் துணிகிறோம். அவர் உண்மையாகவே படித்தார் என்பதற்கு அக்கண்ணீரினும் வேறு சான்று வேண்டுமோ?

நாமும் குற்றமற்றவரல்லோம். குருமடத்தில் தேர்வுக்கு முந்திய இரவு பெயர்ப்பை உருப்போட்டு நல்ல மதிப்பெண் பெற்றோம். ஆசிரியர் மகிழ்ந்தார், நாமும் மகிழ்ந்தோம்.

மேற்சொன்ன அமெரிக்கத் தேர்வில் மாணவர் முன்பின் பாராத பகுதிகளிலிருந்தும் வினாக்கள் வரும். நமக்கு அத்தகைய வினா பல்லாண்டு கழித்துப் பங்கு இல்லத்தில் வந்தது. முதியவர் ஒருவர் தம் பாட்டனாரின் திருமுழுக்குப் பதிவைத் தேடி வந்தார். பழைய பதிவேட்டில் பெயர் கிடைத்தது. அதன் ஓரத்தில் அக்காலக் குரு இலத்தீனில் இரண்டு வரி எழுதியிருந்தார். சொற்கள் சில தெரிந்தன. யார் யாருக்கு என்ன செய்தார் என்பது விளங்கவில்லை.

"என்ன சாமி எழுதியிருக்கு?" என்றார் முதியவர்.

அவரை அமரச் சொல்லிவிட்டு அகராதியைத் தேடி உள்ளே சென்றோம்.