அபயம் அளிப்பவர் யார்?

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கம்பராமாயணப் பட்டிமன்றம் நடந்தால் கும்பகர்ணன் கட்சிக்கே கைதட்டல் மிகுதி. அண்ணன் செய்தது அநீதி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காக உயிரையும் கொடுத்தவன் அவன். வீடணனோ, அதே அநீதியை எடுத்துரைத்தும் பயனின்றிப் போகவே, இலங்கையை விட்டு நீங்கி எதிர்ப்பாசறையில் சரணடைந்தவன் ஆதலால், இன்றளவும் அவன் பெயர் நம்மிடையே வசைச்சொல்லாக வழங்குகிறது. அரசாங்கக் காரியாலயத்து முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியனை, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று நாம் எளிதில் ஏசிவிடுவதற்கும் இம்மனப்பான்மையே மூலம்.

ஆனால் அந்த ஊழியன் உண்பது யார் சோறு? கும்பகர்ணன் உண்டது இராவணன் இட்டது; துறைத் தலைவரோ தம் குமாஸ்தாவுக்குத் தம் பையிலிருந்து சம்பளம் கொடுப்பதில்லை. வரி செலுத்தும் பிரஜைகளின் சோற்றை உண்பவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் உண்டாயின், அது அந்தப் பிரஜைகளுக்கே உரியது.

சரணடைபவனுக்குத் தர்மம் இருப்பதுபோல அபயம் அளிப்பவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. வீடணன் வந்து நின்றபொழுது சுக்கிரீவன் ஐயுற்றான், சாம்பவானும் ஐயுற்றான், அனுமன் அவனுக்காகப் பேசினான். இராமன் எல்லாரையும் கேட்ட பின்னரே அபயம் தந்தான். இராமனும் ஒரு கட்சிக்காரனே என்று வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும். இராவணனுடைய அமைச்சர்களே அவ்விசாரணையை நடத்தியிருந்தால் வீடணன் கதி என்னவாகியிருக்கும்?

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இவ்வபயத்தை வாக்களித்தது. ஆயினும் அமலாக்க நிறுவனத்திடம் சொன்னால்தான் பாதுகாப்பு. பிற சட்டம் தடுத்த செய்தியாயின் அந்தப் பாதுகாப்பும் இல்லை என்று அச்சட்டம் எழுதப்பட்டது. 25 கோடி வெள்ளி அரசுக் கடன் பெற்ற தேசிய ஃபீட்லோட் மாட்டுப்பண்ணை நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரங்களை 2012இல் வெளியிட்ட அப்போதைய எதிர்க்கட்சி அரசியல்வாதி ரஃபிஸி ரம்லிக்கும், உடன் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் வங்கிக் குமாஸ்தா ஒருவருக்கும், வங்கி இரகசியத்தை மீறியதாக 2018 பிப்ரவரியில் ஷா ஆலாம் செஷன்ஸ் நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது; ரஃபிஸியை உயர் நீதிமன்றம் விடுவிக்க 2019 நவம்பர் ஆயிற்று.

பழிவாங்கல் எப்போதும் இத்தனை ஆரவாரத்தோடு வருவதில்லை. கிள்ளானில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பவருக்குச் சபாவுக்கு மாற்றல் கடிதம் வரும். ஆண்டு மதிப்பீட்டில் புள்ளி குறையும். நேற்றுவரை மேசைக்கு வந்த கோப்புகள் இன்று வாரா. ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் காரணம் பதமாக எழுதப்பட்டிருக்கும். தனியார் ஊழியனுக்காவது தொழில் நீதிமன்றம் உண்டு. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் அரசு ஊழியனுக்கு அந்த வாசலை அடைத்துவிட்டது. கனடாவோ, 2007 முதல் நீதிபதிகளைக் கொண்ட தனித் தீர்ப்பாயம் ஒன்றை இதற்கென்றே வைத்து, இழந்த வேலையை மீட்டுத் தரவும், பழிவாங்கிய அதிகாரிமேல் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆணையிடவும் அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. நேர்மை ஆணையர் அனுப்பினாலன்றி வழக்கு அங்கே செல்லாது என்பது அதன் குறை.

தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டத்துக்கு நம் மக்களவை 2025இல் ஏற்ற திருத்தம், தீர்ப்பாயம் எதுவும் அமைக்காமல் ஒரு பாதுகாப்புக் குழுவோடு நின்றது. குழு நீதிமன்றம் ஆகாது. அந்த மாற்றல் கடிதத்தை ரத்து செய்யும் அதிகாரத்தோடு நீதிபதிகள் அமரும் தீர்ப்பாயம் வேண்டும் என்று நம் தொகுதி உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டும்.