பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்

எங்கள் வீட்டில் வானொலி கேட்கக் காது மட்டும் போதாது, ஒரு கையும் வேண்டும். அந்தக் கை என்னுடையது. 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். கரவெட்டியில் எங்கள் முற்றத்தில் மாமாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொழுவியிருந்தோம். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். வேகம் தளர்ந்தால் வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். "பிள்ளை, விடாமல் சுத்து" என்று நாலு பக்கத்திலிருந்தும் அதட்டுவார்கள். அயலில் உள்ளவர்களும் வந்திருப்பார்கள். எண்ணெயை மிச்சம்பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு ஒன்றுதான் எரியும். அதனால் கேட்பவர்களின் முகம் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும்.

கொழும்பு வானொலி, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இரவு 9.15க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. "மூண்டையும் கூட்டி மூண்டால பிரிச்சால் உண்மை வரும்" என்பார் மாமா. பக்கத்து ஊரில் விழுந்த ஷெல்லைப் பற்றி லண்டன் சொல்லி நாங்கள் அறிந்துகொண்டோம். அது அன்று ஒரு விந்தையாகவே படவில்லை. ஏதோ ஓர் அலைவரிசையில் ஒரு டொக்டர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னபோது மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். சவர்க்காரமும் தடைப்பட்டியலில் இருந்தது.

அம்மாவுக்குச் செய்தியைவிட மரண அறிவித்தல்தான் முக்கியம். அந்த அறிவித்தலுக்கு ஒரு வாய்பாடு உண்டு, இன்றைக்கும் அது மாறவில்லை. முதலில் ஊர் வரும்: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட. அதற்குப் பிறகுதான் பெயர். கரவெட்டி என்று காதில் விழுந்து பெயர் வருவதற்குள் ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் அம்மா ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்: "முருகா, எங்கட ஆக்களாய் இருக்கக்கூடாது."

இந்த ஒரு வரியோடுதான் முப்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. நவாலியில் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அதை அண்டியும் விமானக் குண்டுகள் விழுந்தன. அங்கே இடம்பெயர்ந்து தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சின்னம்மா நவாலியில்தான் கலியாணம் செய்திருந்தார். எங்களுக்கு முதலில் வாய்வழியாகத்தான் வந்தது: "அந்தப் பக்கம் எங்கேயோ விழுந்ததாம்." அடுத்து வந்த இரவுகளில் ஒன்றில் றேடியோவில் ஒரு குரல் "நவாலி" என்றது. நான் பெடலை நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஓய்ந்தது, குரலும் அதோடு போயிற்று. இருட்டில் அம்மாவின் குரல் மட்டும்: முருகா, எங்கட ஆக்களாய் இருக்கக்கூடாது.

அம்மப்பா மூலையில் இருந்தார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். கோயிலில் புராணபடனம் நடக்கும் காலத்தில் பயன் சொல்பவர் அவர்தான். "நடந்து முடிஞ்சதை இனி மாத்தச் சொல்லிக் கேக்கிறியே பிள்ளை?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கட ஆக்கள் இல்லையெண்டால் ஆர்? வேற ஆற்றையோ பிள்ளையள்தானே?" அங்கே இருந்தது அவர் பெற்ற மகள். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் பல வருடம் ஆறவில்லை.

இப்போது நான் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிறேன். அம்மப்பா அன்று சொன்னதில் இரண்டு தனித்தனி வாதங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இறந்தகாலம் மாறாது என்பது. யூதர்களின் மிஷ்னாவில் ஏறக்குறைய இதே காட்சி வருகிறது. வழியில் வருகிற ஒருவன் ஊருக்குள் ஓலம் கேட்டு, அது தன் வீடாக இருக்கக்கூடாது என்று வேண்டினால் அது வீண் வேண்டுதல் என்று அங்கே தீர்ப்பு. பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றி வாசித்தபோது அம்மப்பாவின் சுருட்டு மணந்தது.

மறுபக்கம் நிற்பவர் மைக்கேல் டம்மெட், ஒக்ஸ்போர்டின் மெய்யியலாளர், கத்தோலிக்கர். 1925இல் பிறந்தவர், கொழும்பு வானொலி தொடங்கியதும் அதே வருடம்தான். இதற்கொரு பொருளும் இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1964இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு தகப்பன் வானொலி கேட்கிறான். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் ஒரு கப்பல் மூழ்கிவிட்டது, சிலர் தப்பினார்கள் என்று செய்தி. கப்பலில் மகன் இருந்தான். தப்பியவர்களுள் அவனும் இருந்திருக்க வேண்டும் என்று தகப்பன் மன்றாடுகிறான். இதில் மூடத்தனம் இல்லை என்கிறார் டம்மெட். இவன் பிறகு மன்றாடுவான் என்பது கடவுளுக்கு முன்பே தெரியுமல்லவா? அந்த மன்றாட்டை எண்ணி அவர் அப்போதே காப்பாற்றியிருக்கலாம். நடந்ததை மாற்றச் சொல்லவில்லை. அப்படி நடந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறான்.

அதே கட்டுரையில் ஒரு குலத்தலைவனும் வருகிறான். இளைஞர்கள் சிங்க வேட்டைக்குப் போகிறார்கள்: போக இரண்டு நாள், வேட்டை இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். அவர்கள் துணிவாக நிற்க வேண்டும் என்று தலைவன் ஆறு நாளும் ஆடுகிறான். வேட்டை முடிந்த பிறகும் கடைசி இரண்டு நாள் ஏன் ஆட வேண்டும்? எங்கள் ஊரில் அந்தக் கடைசி இரண்டு நாள் ஆட்டத்தை ஆடாத தாய் எவளும் இருக்கவில்லை.

ஆனால் டம்மெட் ஒரு விலையும் வைக்கிறார். என்ன நடந்தது என்பதை நாம் வேறு வழியாக அறிந்துகொள்ளலாம் என்றால் இந்த நம்பிக்கை நிற்காது. அறியாமை இருக்கும் மட்டும்தான் ஆட்டம். இதை வாசித்த அன்றுதான் பன்னிரண்டு வயதில் என் கை செய்தது எனக்கு விளங்கிற்று. அம்மா கேட்டு முடிக்க நான் நேரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். லண்டனில் அந்தக் குரல் தன்பாட்டில் வாசித்து முடித்திருக்கும்; எங்கள் முற்றத்தில் மட்டும் அது இன்னும் நடக்கவில்லை.

அம்மப்பாவின் முதல் வாதத்துக்கு இப்படி ஏதாவது மறுமொழி சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டார்கள். நூறு என்றால் நூறு உடல்கள். அதிலிருந்து சின்னம்மாவை எடுத்தால் அந்த இடத்தில் யாரை வைக்கிறோம்?

பெரியபுராணத்தில் அவிநாசிக் கதையை அம்மப்பா பயன் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போகிறார்கள். முதலை ஒருவனை விழுங்கிவிடுகிறது. சில வருடம் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவால் வருகிறார். ஒரு வீட்டில் உபநயனத்து மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. அவர் பாட, முதலை வந்து பிள்ளையை உமிழ்கிறது, அத்தனை வருடத்து வளர்ச்சியோடு. எல்லோரும் உமிழ்ந்த இடத்தில் கைகூப்புவார்கள். நான் நினைப்பது மங்கல ஒலி வந்த வீட்டுக்காரியை. குளத்தடியிலிருந்து யாரோ ஓடிவந்து "ஒரு பொடியனை முதலை கொண்டுபோட்டுது" என்று கத்திய அன்று அவள் என்ன வேண்டினாள்? எது கேட்டிருந்தாலும் எதிர்வீட்டுக் கதவைத்தான் காட்டியிருக்கிறாள், தான் காட்டுவது தெரியாமலே. சுந்தரரும் அந்த நாளை இல்லாமல் ஆக்கவில்லை. முதலை விழுங்கியது விழுங்கியதுதான். இழந்த பிள்ளையைத் திருப்பித் தரச் சொன்னார். வேறு பிள்ளையைக் கைமாற்றிக் கேட்கவில்லை. சைவத்தில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான வேண்டுதல் அது. அப்படி வேண்ட எல்லோராலும் முடியுமா என்பது வேறு கதை.

அம்மப்பாவால் முடிந்ததா? அந்த இரவு அவர் படுக்கவில்லை. விடியப்புறம் மாமா சைக்கிளை நிமிர்த்தி வல்லைவெளிப் பக்கம் மிதித்துப் போனார். நான் கிணற்றடிக்கு வந்தபோது அம்மப்பா படலையால் உள்ளே வந்துகொண்டிருந்தார். ஈர வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் உடைத்த தேங்காயில் ஒரு பாதி. நான் பார்த்ததைப் பார்த்தார். "நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார், நான் கேளாமலே.

பின்னேரம் சின்னம்மா குடும்பத்தோடு மாமா வந்து சேர்ந்தார். அவர்களின் அயல்வீட்டில் மூன்று பேர் இல்லை. அம்மா கோயிலில் கர்ப்பூரம் கொளுத்தினார். அயல்வீட்டுக்காரியின் தாய் எந்த ஊரில் எந்த றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தாளோ.

இப்போது அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. றேடியோ அடுப்படி யன்னலில் இருக்கிறது, தாராளமாகப் பற்றறி போட்டு. போன கிழமை மரண அறிவித்தலில் கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் என்று வந்தது. அம்மாவின் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பெயர் வந்தது.

"ஆர் பிள்ளை அது?"

"தெரியேல்லையம்மா. எங்கட ஆக்கள் இல்லை."

"கிரியை எத்தினை மணிக்காம்?"

நான் பெயர் வந்ததோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

"அந்த நாளையில கையால சுத்திச் சுத்திக் கேட்டனாங்கள். இப்ப சும்மா பாடுறதைக் கேக்கத் தெரியேல்லை உனக்கு. போய் ஆரிட்டையும் விசாரி. பத்து மணிக்கெண்டால் இப்பவே வெளிக்கிட வேணும்" என்று சொல்லிவிட்டு, செத்தவீட்டுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையைத் தேடி உள்ளே போனார்.