காவலும் வாய்மையும்

காவல் என்பது மாந்தர் மேற்கொண்ட மிகப் பழைய கடமைகளுள் ஒன்று. தினைப்புனத்துப் பரண்மேல் நின்று கிளி கடிந்த மகளும், ஊர் உறங்கும் யாமத்தில் விழித்திருந்த காவலனும், தோட்டத்து வாயிலில் கைவிளக்குடன் அமர்ந்திருந்த ஜாகாவும் செய்த தொழில் ஒன்றே. மாற்றம் நிகழுங்கால் அதனை அறிவதும், அறிந்ததை உரியவர்க்கு உரைப்பதுமே அத்தொழில். ஆனால், காவலனிடமிருந்து செய்தி ஏதும் வரவில்லையெனில், ஒன்றும் நிகழவில்லை என்று கொள்ளலாகுமா? அவன் வாளாவிருப்பது ஊரில் அமைதி நிலவுவதாலா, அன்றி அவனே உறங்கிவிட்டதாலா? இவ்வினா பழையது, எனினும் கணினி இதனைப் புதிய கூர்மையுடன் மீண்டும் எழுப்பியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொள்க. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா முதலிய இடங்களிலிருந்து கட்டுரைகள் கணினிவழி வந்து ஒரு கோப்புறையில் சேர்கின்றன. வந்த கோப்பை உடனே எடுத்துப் பக்கம் அமைக்கும் பணி ஒரு நிரலுக்கு இடப்பட்டுள்ளது. அந்நிரல் கோப்புறையை இடையறாது கண்காணிக்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலை; செய்து பார்த்தவர்க்கே அதன் அருமை புலப்படும்.

இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, குறித்த நேரத்திற்கு ஒருமுறை கோப்புறையைத் திறந்து, உள்ளவற்றை எல்லாம் எண்ணி, முன்னைய பட்டியலோடு ஒப்பிடுவது. இவ்வழி நம்பத்தக்கது, ஆயினும் மெதுவானது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஓயாது சரிபார்ப்பது பொறிக்கும் சுமையாகும். முழுமையும் இதற்கு இல்லை. இரு சோதனைகளுக்கு இடையே வந்து மறைந்த கோப்பை இவ்வழி ஒருபோதும் அறியாது. பழைய ஃபாட் முறையில் அமைந்த வட்டுகள், கோப்பு மாறிய நேரத்தை இரண்டு நொடிக் கணக்கிலேயே குறிக்கின்றன. அவ்விரு நொடிக்குள் அளவு மாறாமல் இருமுறை திருத்தப்பட்ட கோப்பு, ஒருமுறையே திருத்தப்பட்டதுபோல் தோற்றமளிக்கும்.

இரண்டாவது வழி, மாற்றம் நிகழ்ந்தவுடன் தெரிவிக்குமாறு இயங்குதளத்திடமே சொல்லி வைப்பது. லினக்ஸில் 2005ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ஐநோட்டிஃபை என்னும் அமைப்பு இத்தகையது. விண்டோசிலும் மெக்கின்டாஷிலும் இதனை ஒத்த ஏற்பாடுகள் உண்டு. கோப்பு பிறந்தால், மாறினால், அழிந்தால், அக்கணமே செய்தி வரும். அப்படியாயின் சிக்கல் தீர்ந்ததன்றோ எனலாம். தீரவில்லை.

கோப்புறையை முதலில் எண்ணிவிட்டுப் பிறகு காவலனை நிறுத்தினால், இடைப்பட்ட கணத்தில் வந்தவை இரண்டிலும் தப்பிவிடும். ஆதலால் காவலனை முதலில் நிறுத்துக. அதன் பின்னரே எண்ணுக என்பது இத்துறையினர் பட்டறிந்து கொண்ட விதி. அவ்வாறு செய்தால் ஒரே கோப்பு எண்ணிக்கையில் ஒருமுறையும் செய்தியில் ஒருமுறையும் தோன்றக்கூடும். தோன்றட்டும், இருமுறை அறிவது குற்றமன்று, ஒருமுறையும் அறியாமையே குற்றம். மேலும், செய்தி வந்த நொடியில் கோப்பு முழுமை பெற்றிராது. எழுதி முடிக்காத விடைத்தாளைப் பறித்துத் திருத்தும் ஆசிரியர் எத்தகைய தவற்றைச் செய்வாரோ, அத்தகைய தவற்றைப் பாதிக் கோப்பைப் படிக்கும் நிரலும் செய்யும்.

இவை அனைத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. செய்திகள் வரிசையில் காத்து நிற்கின்றன. அவ்வரிசைக்கு எல்லை உண்டு. லினக்ஸில் அது வழக்கமாக 16,384. பெறுகின்றவர் சற்றே அயர்ந்திருக்கும்போது செய்திகள் அவ்வெல்லையை மீறிப் பெருகினால், எஞ்சியவை கைவிடப்படும். அந்நிலையில் இயங்குதளம் ஒன்று செய்கிறது. வரிசை நிரம்பி வழிந்தது என்னும் தனிச் செய்தியை வரிசையில் சேர்த்து விடுகிறது. எவை தவறின, எத்தனை தவறின என்பதை அது கூறுவதில்லை. 'சிலவற்றைத் தவறவிட்டேன், இனி நீயே முழுவதும் பார்த்துக்கொள்' என்பதே அதன் பொருள். அறிவுள்ள நிரல் அது கேட்டதும் தன் பழைய பட்டியலை நம்பாது, கோப்புறையை முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

இந்தச் சிறு செய்தியிலே ஒரு பேரறம் அடங்கியிருக்கிறது. தவறே செய்யாத காவலன் உலகில் இல்லை. தவறவிட்டபோது தவறவிட்டேன் என்று சொல்பவனே நம்பத்தக்க காவலன். கண்டது பாதி, காணாதது பாதி என்றிருக்கையில் அனைத்தும் நலமே என்று உரைப்பவன், உறங்கியவனைக் காட்டிலும் தீங்கு செய்கிறான். உறங்கியவன் தன் கடமையில் மட்டுமே தவறினான். பொய் உரைத்தவனோ, பிறர் விழிப்பையும் கெடுத்துவிடுகிறான்.

இவ்வுண்மையைத் தோட்டப்புற வாழ்வு கணினிக்கு நெடுநாள் முன்பே அறிந்திருந்தது. நோயுற்றவர் யார், ஊர் சென்றவர் யார் என்ற செய்திகள் வாய்மொழியாய் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நேரில் நின்று பெயர் பதியும் வழக்கம் இருந்தது. செய்தி விரைவைத் தந்தது; பெரட்டு மெய்ந்நிலையைத் தந்தது. ஒன்றிருக்க மற்றொன்று எதற்கு என்று எவரும் கேட்டதில்லை.

திருவள்ளுவரும் ஒற்றாடல் அதிகாரத்தில் இதனையே ஆராய்கிறார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாவண்ணம் அவர்களை ஆளவேண்டும் என்றும், மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மெய்யெனத் தெளியலாம் என்றும் வகுக்கிறார். இதற்குக் காரணம் ஒற்றர் அனைவரும் பொய்யர் என்பதன்று. ஒரு கண் காண்பதற்கு எல்லை உண்டு என்பதே காரணம்.

கோலாலம்பூரின் வரலாறும் இப்பாடத்தைக் கற்பித்திருக்கிறது. மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்த நகரம் அது. ஊட்டிய ஆறே 1971 சனவரியில் நகரை மூழ்கடித்தது. பின்னாளில் 2007ஆம் ஆண்டு, வெள்ளநீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி மற்ற நாள்களில் வாகனச் சாலை. பெருமழை நாளில் அதுவே நீர்வழி. எப்போது சாலை, எப்போது நீர்வழி என்பதை முடிவு செய்வது மழையையும் நீர்மட்டத்தையும் பற்றிய கண்காணிப்பே. அதில் பிழை நேர்ந்தால் விலை மனித உயிராகும்.

ஆற்றோரத்து அளவுகருவிகள் நீர் உயரும்போது மட்டும் பேசினால் போதாது. மாற்றம் இல்லாதபோதும், குறித்த இடைவெளிகளில் அவை தம் அளவைத் தெரிவித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அப்போதுதான் மௌனத்திற்குப் பொருள் பிறக்கும். பேசவேண்டிய வேளையில் பேசாத கருவி, ஆறு அமைதியாய் உள்ளது என்று சொல்லவில்லை. தான் பழுதுற்றேன் என்றே சொல்கிறது. அறிந்தது உரியவரைச் சென்றடையாவிடினும் காவல் நிறைவுறாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மாடிகளிலும் கூரைகளிலும் உதவிக்குக் காத்திருந்தவர்களின் துயரை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். ஓயாது சரிபார்ப்பது அவநம்பிக்கை ஆகாதா? எந்நேரமும் கண்காணிக்கப்படும் மனிதன் நேர்மையை அன்றி நடிப்பையே கற்பான் அன்றோ? மறுப்பில் உண்மை உண்டு. கணினியும் முழு எண்ணிக்கையை நொடிதோறும் செய்வதில்லை. செய்தால் வேறு வேலை நடவாது. செய்தியை நம்பி நடப்பதும், நம்பிக்கைக்குக் குறை நேர்ந்தபோது நேரில் பார்ப்பதும், குறையே நேராவிடினும் இடையிடையே ஒருமுறை பார்ப்பதும் அதன் நெறி. வேவு பார்ப்பவன் பிறர் குற்றத்தைத் தேடுகிறான். காவலனோ தன் அறிவில் உள்ள குறையைத் தேடுகிறான். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

வகுப்பறையும் ஒரு கோப்புறையே. புகார் சொல்லும் மாணவன் செய்தியாய் வந்து சேர்கிறான். பசியோடு வந்து கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவனிடமிருந்து எச்செய்தியும் வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே குறி விழுகிறது. அவன் உள்ளம் வந்ததா என்பதை அக்குறி கூறாது. பெயரை அழைக்கும்போது ஏட்டிலிருந்து கண்ணை உயர்த்தி, அம்முகத்தை ஒரு கணம் நோக்கும் ஆசிரியரே முழு எண்ணிக்கை செய்கிறார். நாற்பது பேரில் ஒருவனை என்றேனும் அவர் தவறவிடக்கூடும். தவறவிட்டேன் என்று தம் உள்ளத்திற்கு ஒப்புக்கொண்டு, மறுநாள் முதல் வரிசையிலிருந்து மீண்டும் நோக்கத் தொடங்குவாராயின், அவர் காவல் பிழையாது.