அடைத்து வைத்தவரின் கடன்



மட்டக்களப்பாருக்கு மீனைப் பற்றி எழுத வருவது கொல்லன் தெருவிலே ஊசி விற்க வருவது போன்றதுதான். வலை எறியவும் தூண்டில் போடவும் வாவிக் கரையிற் பிறந்தவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் பிடித்து உண்ணும் மீனை அறிவது ஒன்று. வளவுக்குள் அடைத்து வளர்க்கும் மீனுக்குப் பொறுப்பாவது வேறொன்று. இப்பொழுது சில வீட்டு முற்றங்களிலே சிறிய சீமெந்துக் குளங்களைக் காண்கிறோம். சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக யப்பானிய வர்ணக் கெண்டைகள், கடைக்காரர் கோய் என்று சொல்லும் மீன்கள், அவற்றிலே நீந்துகின்றன. பிள்ளைகள் கேட்டார்கள், வாங்கினோம் என்கிறார்கள் பெற்றோர். நல்லது. ஆனால் அந்தக் குளத்தின் அடியிலே ஒரு கேள்வியும் கிடக்கிறது.

வாவி மீனைக் குழம்பு வைத்து உண்கின்ற நாம், முற்றத்து மீன் செத்து மிதந்தால் ஏன் மனம் வருந்த வேண்டும்? இரண்டும் மீன்தானே? காசு கொடுத்து வாங்கினோம், போனால் நட்டம் நமக்குத்தான் என்று விட்டுவிடலாகாதா?

ஆகாது என்பதே என் எண்ணம். வாவியிலுள்ள மீன் தன் இரையைத் தானே தேடும். ஓரிடத்து நீர் கெட்டால் இன்னோரிடம் போகும். வலையைக் கண்டால் தப்பவும் பார்க்கும். அதற்கு நாம் சோறு போடக் கடமைப்பட்டவர்களல்லர். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள். நிலாக் காலத்தில் வள்ளத்திலே போய், துடுப்பைத் தண்ணீரில் நாட்டி, மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் நம் முன்னோர். அந்த மீனுக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவுமில்லை. முற்றத்துக் குளத்து மீனின் நிலை அப்படியன்று. அதன் நீர், காற்று, இரை மூன்றும் நம் கையிலே. போவதற்கு வேறிடம் இல்லை. அதைக் கையறு நிலைக்குக் கொண்டுவந்தவர் நாமே. ஆதலால் அங்கே ஒரு கடன் உண்டாகிறது. அந்த மீன்மேல் நமக்குப் பாசம் உண்டா இல்லையா என்பதை அந்தக் கடன் பார்ப்பதில்லை.

இன்னுமொன்று. கோய் என்பது காட்டிலே கிடைத்த மீனல்ல. யப்பானின் நீகாத்தா மாவட்டத்து மலைக் கிராமங்களிலே நெல் விளைவித்தவர்கள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டளவில் நிறம் மாறியவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கினார்கள். 1914ஆம் ஆண்டு தோக்கியோவிலே நடந்த கண்காட்சிக்குப் பின்னரே அவை நாடறிந்தன. சேற்று நிறத்துக் கெண்டை தண்ணீருக்குள் மறைந்துகொள்ளும். இந்தச் சிவப்பு மீனால் அது முடியாது. நம் கண்ணுக்கு இன்பமான அதே நிறந்தான் மீன்கொத்திக்கும் கொக்குக்கும் அதைக் காட்டிக் கொடுக்கிறது. மனிதன் தன் விருப்பத்துக்காக இயற்கைக் காப்பையும் களைந்துவிட்ட உயிர் இது.

சரி, கடனை எப்படி அடைப்பது? புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் அள்ளிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மை அதற்கு எதிர்மாறானது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது, அது நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்பு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுக் குளத்திலே இந்தப் பற்றீரியாக்கள் வந்து பெருகப் பல வாரங்கள் செல்லும். அதற்கு முன்னரே பத்து மீனை வாங்கிவந்து விட்டு, பிள்ளைகள் காலை மாலை பாண் துண்டு போட்டால், தண்ணீர் பளிங்கு போலத் தெரியும்போதே மீன் நஞ்சிலே மூச்சுத் திணறும். ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிப்பதற்கு மேல் ஒரு பிடியும் போடலாகாது. நம் வீடுகளில் விருந்தாளியை “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்திச் சாப்பிட வைப்பது வழக்கம். அந்தப் பழக்கம் குளத்தடிக்கு உதவாது.

எண்ணிக்கையிலும் அவ்விதமே. வளர்ந்த கோய் மீன் இரண்டடி நீளமும் வரும். ஒன்றுக்கு 1,000 லீற்றர் நீராவது வேண்டும். எட்டடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குளம் ஏறக்குறைய 4,000 லீற்றர் கொள்ளும். ஆக நான்கு மீன். கடையிலே விரலளவு குஞ்சைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருவதில்லை. நம் வெயிலில் நீர் சூடேற ஏற அதிலே கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். விடியற்காலையில் இன்னும் குறைந்திருக்கும். 2022ஆம் ஆண்டு நாட்டிலே ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். காற்று மோட்டர் நின்றுபோன அப்படிப்பட்ட வேளையிலே, நெருக்கமாக மீன் விட்ட குளத்துக்கும் அளவோடு விட்ட குளத்துக்கும் உள்ள வித்தியாசம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாகிறது. குழாய் நீரையோ நேரே திறந்துவிடக் கூடாது. அதிலுள்ள குளோரீன் மீனின் செவுளைச் சுட்டுவிடும். திறந்த பரலிலே ஒன்றிரண்டு நாள் வைத்து ஊற்ற வேண்டும்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம்: அயல் வீட்டிலே அடுப்பெரியாதிருக்க, அலங்கார மீனுக்குத் தீனி வாங்குவது முறையோ? நியாயமான கேள்வி. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதன் இரு பக்கத்தையும் தொடுகிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்குத் தகாது, மனிதரின் துயர் துடைக்க முதலிற் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது. இதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் குளம் வெட்டுவதற்கு முன். அப்போது வேண்டாமென்று முடிவு செய்தால் எவருக்கும் இழப்பில்லை. மீனை அடைத்த பின்பு, ஏழையின் பேரைச் சொல்லி அதைப் பட்டினி போடுவது ஏழைக்கும் உதவாது.

2004 ஒக்ரோபர் 23ஆம் திகதி நீகாத்தாவிலே நிலம் நடுங்கியது. கோய் வளர்ப்புக்குப் பேர்போன யமகோசிக் கிராமமே இடம்பெயர்ந்தது. பின்னர் தப்பிய மீன்களை ஹெலிகொப்டரில் ஏற்றி இறக்கினார்கள். இரண்டு மாதங்களின் பின் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் புகுந்து மனிதரை வாரிச் சென்றதைக் கண்ட நமக்கு, மீனுக்கு ஹெலிகொப்டரா என்று வாய்விட்டுக் கேட்கத் தோன்றும். ஆனால் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் மனிதர்கள். மீன்களோ அம்மக்களின் பிழைப்பு, விட்டுவந்த உயிர்களுங்கூட. வரிசை தவறவில்லை, வரிசையிற் கடைசியில் நின்றதற்காக மீன் மறக்கப்படவுமில்லை.

எல்லாவற்றிலும் கடினமான நேரம் ஒன்றுண்டு. குடும்பம் வெளிநாடு போகிறது, அல்லது பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. அப்போது யாராவது சொல்வார்கள்: “பாவம், வாவியில் விட்டுவிடுங்கள், புண்ணியம்.” கேட்க இரக்கம் போலிருக்கும். இது இரக்கமல்ல, நம் கடனைப் பிறர் தலையில் இறக்குவது. உவர் ஏறிய பகுதியில் விட்டால் அந்த மீன் துடித்துச் சாகும். மாரியில் நன்னீர் நிறைந்த பகுதியில் விட்டால் பிழைத்து, சேற்றைக் கிண்டி நீரைக் கலக்கி, நீர்ப் பூண்டுகளை வேரோடு பெயர்க்கும்; குளத்து நோய்களையும் கூடவே கொண்டுபோகும். தொட்டியைத் துப்புரவாக்குமென்று விற்கப்பட்ட, கவசம் போன்ற செதிலுடைய மீன் இன்று நம் நாட்டின் ஆறு குளங்கள் பலவற்றிலே பரவி, முட்செட்டையால் வலைகளைச் சிக்கலாக்குகிறது. அதை முதலில் விட்டவர்களும் நல்லெண்ணத்தோடு விட்டிருக்கலாம். கிழிந்த வலையைப் பின்னுகிறவர் அவர்களல்லர்.

குளமுள்ள ஒருவரைத் தேடிக் கொடுங்கள். கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். இரண்டுமே கைகூடாவிட்டால், வேதனையின்றி விரைவாகக் கொன்று புதைப்பது வாவியிலே விடுவதிலும் நேர்மையானது. கசப்பான பேச்சுத்தான். எனினும் இந்த மீன் நன்றாகப் பேணினால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் மீன், அந்தப் பிள்ளைக்குத் திருமணமாகி வேறு வீடு போன பின்பும் உங்கள் முற்றத்தில் இருக்கலாம். வாங்குமுன் பிள்ளையோடு இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

குளம் ஏற்கனவே இருக்குமானால், கார்த்திகை மழைக்கு முன்பே விளிம்பை ஒரு முழம் உயர்த்தி மேலே வலை கட்டிவிடுங்கள். 2011 தை மாதத்து வெள்ளத்திலே வளவும் வாவியும் ஒன்றானதைக் கண்டவர்களுக்கு ஏனென்று விளங்கும்.